கடையில் கிடைக்காத ரொட்டி

ஹாலிஎல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சாப்பாட்டுக் கடை தேடி அலைய வேண்டியதில்லை. பெரகலையில் புறப்பட்டு பண்டாரவளை வழியாக வரும் ஏ-16 வீதியும், வெலிமடைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் ஏ-5 வீதியும் இங்கேதான் சந்தித்து ஒரே தெருவாகப் பதுளைக்குப் போகின்றன. இரண்டு வீதி கூடுகிற இடத்தில் தேத்தண்ணிக் கடை தானாக முளைத்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், பற்றிஸ், முட்டை பணிஸ். பெட்டிக்கு மேலே எண்ணெய் மினுங்கும் தட்டில் உளுந்து வடையும் பருப்பு வடையும். பொழுது சாய்ந்தால் கொத்து போடுகிறவரின் இரண்டு தகடுகள் கல்லில் மோதும் சத்தம். உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு தட்டு நிறைய எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதை எண்ணிக் காசு. மிச்சம் அடுத்த மேசைக்கு. கை துடைக்க, நீளவாக்கில் வெட்டிய பழைய தாள். ஒருமுறை எனக்கு வந்த தாளில் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடம் இருந்தது. நான்கு கணக்கில் மூன்று சரி.

இத்தனை இருக்கிற இந்தத் தெருவில், சுற்றியிருக்கும் தோட்டங்களில் அன்று காலை பெரும்பாலான வீடுகள் எதைச் சாப்பிட்டனவோ அது மட்டும் நான் பார்த்தவரை விற்பனைக்கு இல்லை. தோட்டத்து ரொட்டியைச் சொல்கிறேன். 'பொல் ரொட்டி' என்ற பெயரில் உள்ளங்கை அளவில், வட்டம் பிசகாமல், லுணு மிரிஸ் வைத்து ஒன்று கிடைக்கும். நல்ல ரொட்டிதான். ஆனால் ஸ்பிரிங்வெளியிலிருந்தோ உடுவரையிலிருந்தோ வந்த ஒருவரிடம் அதைக் காட்டி "இது உங்க ரொட்டிதானே" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். அவருடைய ரொட்டி தாச்சி அகலம், விரல் மொத்தம். அதற்குக் கடையும் இல்லை, விலையும் இல்லை.

ஒரு சமூகத்தின் அடையாள உணவு என்று ஊரெல்லாம் ஒத்துக்கொள்கிற ஒன்று, அந்தச் சமூகம் வாழும் ஊரின் கடைகளில் ஏன் இல்லை? பல வருடங்களாக என்னைத் தொந்தரவு செய்கிற கேள்வி இது. உணவையும் அடையாளத்தையும் சேர்த்து எழுதுகிறவர்கள் பொதுவாகக் கடையிலிருந்துதான் தொடங்குவார்கள். மலையகத் தமிழர்களான எங்கள் விஷயத்தில் கடையிலிருந்து தொடங்கினால் வந்து சேருகிற இடம் தோசை.

அப்பாயி ரொட்டி சுடுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். விடிகாலை நாலு மணி. அடுப்பில் மிலாறு, கவ்வாத்து வெட்டியபின் மலையில் கிடக்கும் தேயிலைக் கொம்புகளைக் கட்டாகக் கட்டிச் சுமந்து வந்து காயவைத்தது. நன்றாகக் காய்ந்த மிலாறு சடசடவென்று பிடித்துக்கொள்ளும். மழைக்கால மிலாறு என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா முழுக்கப் புகை. கோதுமை மாவைக் குவித்து, நடுவில் குழி செய்து, துருவிய தேங்காய், உப்பு. வீட்டில் இருந்தால் பொடியாக அரிந்த வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும். பிசைந்த மாவு கையில் ஒட்டாமல் வரவேண்டும். ஆனால் இறுகவும் கூடாது. தட்டில் போட்டுத் தட்டித் தட்டி அகலமாக்கி, தாச்சியில் போட்டு, மேல்பக்கம் மூன்று விரலால் அழுத்துவார். இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாகக் கருகியதும் எடுத்து, அடுப்புக் கல்லில் சாய்த்து, தணல் சூட்டில் ஓரம் வேகவிடுவார். அந்த மூன்று விரல் தடம் ரொட்டியில் கடைசிவரை இருக்கும். எந்த வீட்டு ரொட்டி என்று தடத்தை வைத்தே சொல்லிவிடலாம். சம்பல் அம்மியில்: காய்ந்த மிளகாய், உப்பு, வெங்காயம், தேங்காய். சம்பள வாரம் என்றால் ஒரு துண்டு மாசிக் கருவாடு.

மொத்தமாகத் தட்டுவது ருசிக்காக இல்லை, நேரத்துக்காக. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு, முன்னால் பெண்ணுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதற்குள் பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவுக்குத் தயார்செய்து, தண்ணீர் பிடித்து, காலைக்கும் மலைக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும். சோறு என்றால் கறி வேண்டும், இரண்டு அடுப்பு வேண்டும், மலையில் வைத்துச் சாப்பிடத் தட்டும் கை கழுவத் தண்ணீரும் வேண்டும். ரொட்டிக்கு ஒரு தாச்சி போதும். தாளில் சுற்றிக் கூடையில் போட்டுக்கொள்ளலாம். தேத்தண்ணி நேரத்தில் வாது ஓரம் குந்திக்கொண்டு, கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரலால் பிய்த்துத் தின்னலாம். ஒன்று தின்றால் மத்தியானம்வரை வயிறு கேட்காது. தோட்டத்து வேலை நாளின் அளவுக்கு வெட்டித் தைத்த உணவு அது.

அப்படியானால் இது எப்போதிருந்து நம்முடையது?

கோப்பிக் காலத்தில், அதாவது 1820களில் தொடங்கி, கண்டிச் சீமைக்கு நடந்து வந்த முன்னோர்கள் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை வறட்டு நிலங்களின் மக்கள். அவர்களில் பெரும்பாலோர் கேழ்வரகும் கம்பும் சோளமும் உண்டவர்கள். அரிசிச் சோறு அங்கே நல்ல நாள் சாப்பாடு. ஆள் கட்ட வந்தவர்கள் சொன்னதாக இன்றும் தோட்டங்களில் சொல்லிச் சிரிக்கும் ஒரு கதை உண்டு: அந்தச் சீமையில் தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று. கதை வேறெதையும் பிடித்துக்கொள்ளாமல் தேங்காயையும் மாசியையும் பிடித்துக்கொண்டதை நான் கவனித்தது வெகுநாள் கழித்துத்தான். சம்பலுக்கு வேண்டிய இரண்டும் அதில் இருக்கின்றன. இரண்டையும் பிறகு காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

இங்கே வந்ததும் கையில் கிடைத்தது அரிசி. கங்காணி வழியாகவும் தோட்டக் கணக்கு வழியாகவும் அரிசி முன்கூட்டிப் போடப்பட்டு, சம்பளத்தில் கழிக்கப்பட்டது. கடனோடு ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. அரிசிக் கணக்கு ஒழியவில்லை. கேழ்வரகுக் களி தின்றவர்களின் பேரப்பிள்ளைகள் சோறுதான் எங்கள் பரம்பரைச் சாப்பாடு என்று நம்பும் அளவுக்கு அரிசி நிலைத்துவிட்டது. பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் சேனைகளில் குரக்கன் விளைந்துகொண்டுதான் இருந்தது. அது கேழ்வரகேதான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கும் சேனைக்கும் நடுவில் தேயிலை நின்றது.

பிறகு 1942. ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது, அது நின்றது. பங்கீடு வந்தது, அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவு வந்தது. போர் முடிந்தும் மாவு போகவில்லை. அமெரிக்க உதவியாகக் கப்பலில் வந்தது. 1980இல் திருகோணமலையில் சிங்கப்பூர்க்காரர்களின் பிரீமா ஆலை அரைக்கத் தொடங்கியபின் மூட்டை மூட்டையாக மலையேறியது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. எங்கள் 'பரம்பரை' ரொட்டியின் மாவில் ஒரு பிடிகூட இந்த மண்ணில் முளைத்ததில்லை. வயதைக் கணக்குப் போட்டால் அப்பாயியின் கல்யாணத்துக்கு ஏழெட்டு வருடம் மூத்தது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்த ஏமாற்றத்திலிருந்து என்னை வெளியே இழுத்தவர், குவைத்தில் பதினோரு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த ஒரு அக்கா.

ஹாலிஎலயைச் சுற்றி அப்படிப் போய்வந்த பெண்கள் இல்லாத லயம் அரிது. அக்கா இருந்த வீட்டில் இன்னொரு வேலைக்காரி பிலிப்பைன்ஸ்காரி. முதல் மாதம் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஒரு நாள் அந்தப் பெண் ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டைப் பொரித்திருக்கிறாள். அவர்கள் ஊரில் அதற்குத் 'துயோ' என்று பெயர். வீட்டு எஜமானி வாசம் தாங்காமல் கத்தி, சட்டியோடு கொல்லைப்புறம் துரத்திவிட்டார். "நான் ஒண்ணும் பேசலை தம்பி. சோத்தைப் போட்டுக்கிட்டு அவ பக்கத்துல போய் ஒக்காந்தேன். எங்க ஊட்டு வாசம் அது" என்றார் அக்கா. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் ரொட்டி சுட்டிருக்கிறார். அந்தப் பெண் தங்கள் ஊர் காலைச் சாப்பாட்டு பணிஸைப் பற்றிச் சைகையில் சொல்லியிருக்கிறாள்.

அந்த பணிஸின் பெயர் பான்-டெ-சால். ஸ்பானிய மொழியில் உப்பு ரொட்டி என்று பொருள். விடிந்தால் பிலிப்பைன்ஸ் தெருக்களில் அதன் வாசம்தான் என்கிறார்கள். அந்த நாட்டிலும் கோதுமை விளைவதில்லை, கப்பலில்தான் வருகிறது. ஸ்பானியர் அங்கே விட்டுப்போன 'பான்' இப்படி என்றால், போர்த்துக்கேயர் இங்கே விட்டுப்போனது நாம் காலையில் பருப்போடு தின்னும் 'பாண்'. எங்கள் குசினி போர்த்துக்கேயம், இஸ்தோப்பு டச்சு. அடுப்பங்கரையில் இத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள்.

பிலிப்பைன்ஸில் உணவைப் பற்றி மிகத் தீவிரமாக எழுதியவர் டோரீன் ஃபெர்னான்டஸ் (1934-2002). மணிலாவின் அத்தெனெயோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தவர். அவருடைய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் அக்கறை ஒன்று: சீனரின் நூடுல்ஸும் ஸ்பானியரின் குழம்புகளும் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்த கதை, அவை எந்தக் கையில், எந்தப் புளிப்பில், யாருடைய வேளையில் பிலிப்பைன்ஸ் உணவாக மாறின என்பதுதான் கேட்க வேண்டியது. மேசை விரித்த உணவகங்களுக்கு அவர் கொடுத்த அதே மரியாதை, பானைகளை வரிசையாக வைத்து, மூடியைத் திறந்து பார்த்து, விரலால் சுட்டிக்காட்டி வாங்கும் தெருவோரக் 'கரிண்டேரியா' கடைகளுக்கும் கிடைத்தது. நம்மூர்க் கடைக்காரர் தட்டோடு கொண்டுவந்து வைப்பதை அவர் பார்த்திருந்தால் ஒரு பக்கமாவது எழுதியிருப்பார்.

அவர் நீக்ரோஸ் தீவின் சிலாய் என்ற ஊரைச் சேர்ந்த குடும்பத்துப் பெண். நீக்ரோஸ் கரும்புத் தோட்டங்களின் தீவு. 1980களின் நடுவில் உலகச் சந்தையில் சீனி விலை விழுந்தபோது, கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு நின்ற அந்தத் தீவில் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. எலும்பும் தோலுமான பிள்ளைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. இதைப் படிக்கும்போது எங்கள் ஆட்களுக்கு ஞாபகம் வருவது 1973, 74. அரிசிப் பங்கீடு குறைந்தது. உணவகங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் சோறு பரிமாறத் தடை. வீதித் தடைகளில் பைகளைத் துழாவி அரிசி தேடினார்கள். கிராமத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தவர் மரவள்ளி நட்டார். லயத்தில் இருந்தவருக்கு நடுவதற்கு நிலமும் இல்லை, 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு கேட்பதற்கு வாக்கும் இல்லை. 1974இல் தோட்டப்புற இறப்பு வீதம் சட்டென்று ஏறியது. பாண் வரிசையில் நின்ற கதையை அப்பாயி சொல்லுவார். ரொட்டி கூட இல்லாத நாட்களின் கதையைச் சொல்லமாட்டார். கேட்டால் எழுந்து போய்விடுவார்.

ஆகையால் ரொட்டியைக் கொண்டாடி எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கும். 2016இல் நடந்த குடிசனவியல் சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். காலையில் மாவு, மலையில் மாவு, பல வீடுகளில் இரவிலும் மாவு. 2022 நெருக்கடியில் ஒரு கிலோ மா 300 ரூபாவைத் தாண்டியபோது, முந்திய வருடம் போராடி வாங்கிய நாட்சம்பளம் 1,000 ரூபா. அப்போது ரொட்டி மெலிந்தது. நான் பார்த்தேன். விரல் மொத்தம் போய்ப் பராட்டா மொத்தத்துக்கு வந்தது. தேங்காய் இல்லாமல் சுட்டார்கள். அதைத் தொண்டையில் இறக்கப் பிளேன்டீ இரண்டு கோப்பை வேண்டும்.

கடைக்குத் திரும்புகிறேன். என் சின்ன வயதில் டவுனுக்குப் போவது என்றால் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை. பத்தாம் திகதிச் சம்பளத்தில் கழிவெல்லாம் போக மிஞ்சியதில், அரிசி மா வாங்கி, நகை அடகுக்கு வட்டி கட்டி, கடைசியில் சைவக்கடையில் ஆளுக்கு இரண்டு தோசை. சாம்பார் வாளியோடு வருகிறவர் எங்களுக்கு ஏதோ மந்திரி மாதிரித் தெரிவார். தோசை மாவு ஆட்டிப் புளிக்கவைக்க லயத்துக் குளிருக்கும் பெரட்டு மணிக்கும் பொறுமை கிடையாது; தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீட்டில் தோசை. கடைக்குப் போவது என்றாலே வீட்டில் முடியாததைத் தின்பதற்காக. காசு கொடுத்து யாராவது ரொட்டி தின்பார்களா?

டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது இதன் மறுபக்கத்தைப் படித்தேன். இடைவேளையில் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் பக்கத்துப் பையன் "தோட்டமா?" என்று கேட்டான். பெயரையோ ஊரையோ கேட்கவில்லை, ரொட்டியைப் பார்த்துக் கேட்டான். மறுநாளிலிருந்து பாண் வேண்டும் என்று அம்மாவிடம் அடம்பிடித்தேன். பாண் ரொட்டியைவிடச் சீக்கிரம் பசிக்கும் என்பது இரண்டாம் மணிக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் மூன்று வருடம் பாண்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஊவாவின் நகரங்களில் தமிழ்ப் பலகை மாட்டிய கடை பல காலம் துணிச்சலுக்குரிய விஷயம். 1983 ஜூலையில் பதுளையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. அதன் பிறகு திறந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவானதைச் சமைத்தார்கள்: கொத்து, பிரைட் ரைஸ், சோட்டீஸ். அதில் தந்திரமும் உண்டு, நல்ல வியாபாரமும் உண்டு. இன்று ஹாலிஎல கடையொன்றில் உட்கார்ந்தால், தமிழ் முதலாளி சிங்கள வாடிக்கையாளரிடம் சிங்களத்தில் விசாரித்து, உள்ளே திரும்பி "பிளேன்டீ தெக்கக், ஒண்ணு சீனி கம்மி" என்று சத்தம் போடுவார். ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி. யாருக்கும் அது விசேஷமாகப் படுவதில்லை.

ரொட்டி அடையாளமாக உரக்கச் சொல்லப்பட்டது இங்கே இல்லை, கடல் தாண்டித்தான். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பிரஜாவுரிமை இல்லாதிருந்த எங்கள் ஆட்கள் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. போனவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். இலங்கையின் 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்து 'இந்தியத் தமிழர்' என்று தனிப் பத்தியில் எழுதப்பட்டவர்கள், இந்தியா போய்ச் சேர்ந்ததும் 'சிலோன்காரர்' ஆனார்கள். கூடலூரில் என் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது அவர் முதலில் தட்டில் வைத்தது ரொட்டியும் சம்பலும். "இங்க இதைச் சுட்டா அக்கம்பக்கத்துல சிலோன் வாசம் அடிக்குதுனு சொல்லுவாங்க" என்றார். குரலில் இருந்தது குறையா பெருமையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஹாலிஎலயில் நான் ஒளித்துவைத்ததை அவர் அங்கே வாசலுக்குத் தெரியச் சுட்டுக்கொண்டிருந்தார்.

ஹாலிஎலக்குப் பக்கத்தில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப் (1934-2022). ஒற்றைக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் படுகிற அவதியை 'மீன்கள்' கதையில் அவர் எழுதியபோது, மலையகம் என்பது வெளியிலிருந்து பார்க்கும் பச்சை மலை அல்ல, உள்ளேயிருந்து பார்க்கும் புகைபிடித்த கூரை என்று வாசகர்களுக்குப் புரிந்தது. உணவைப் பற்றியும் அப்படி உள்ளேயிருந்து எழுத வேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறது. தெமோதரைப் பாலம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்காக எல்லயில் இப்போது சமையல் வகுப்பு நடக்கிறது. தேங்காய் ரொட்டி தட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. சின்னதாக, வட்டமாக, அழகாகத் தட்டுகிறார்கள். நாலு மணிக்கு எழுந்திருக்கச் சொல்வதில்லை.

குவைத் அக்கா இப்போது தோட்டத்துப் பாதை வீதியில் ஏறும் இடத்தில் தகரம் போட்டு ஒரு கடை வைத்திருக்கிறார். காலையில் தோசை, இடியப்பம், வடை. போன மாதம் போயிருந்தேன். கடைக்குப் பின்னால் வீட்டு அடுப்பில் அவருடைய மகளுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

"இதையும் போட்டு வித்தா என்னக்கா?"

"இதுக்கு யாரு தம்பி காசு குடுப்பா? எல்லா ஊட்லயும்தான் இருக்கே."

சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து, நாலாகப் பிய்த்து, ஓரத்தில் சம்பலை வைத்து என் தட்டில் போட்டார். ரொட்டியின் மேல் மூன்று விரல் தடம் இருந்தது. அப்பாயியுடையதைவிட அகலமான விரல்கள். சாப்பிட்டு முடித்து ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினேன். வடை இரண்டு, பிளேன்டீ ஒன்று என்று வாய்விட்டுக் கூட்டி, மிச்சத்தை எண்ணிக் கையில் வைத்தார். ரொட்டி கணக்கில் வரவில்லை. நான் வாய் திறப்பதற்குள், அடுத்து வந்தவருக்குத் தோசை ஊற்றப் போய்விட்டார்.